பழைய கிராபிக்ஸ் கார்டு ஆன்லைன்ல வாங்குறீங்களா, விக்கிறவர் யாருன்னு மொதல்ல பாருங்க

எங்க சித்தி பையன் காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கும் கேமுக்கும் சேர்த்து 3,800 ரூபாய்க்கு ஜிடிஎக்ஸ் 1050 டிஐங்கிற மாடல் கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு வாங்கினான், ஆன்லைன்ல ஒரு தனி ஆள்கிட்ட. மாட்டிப் பாத்தா விண்டோஸ்ல பேரெல்லாம் சரியாதான் காட்டுது, ஆனா கேம் ஓப்பன் பண்ணா கட்டை வண்டி மாதிரி போகுது. ஜிபியு-இசட்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல பாத்தா பேருக்கு முன்னாடியே ஃபேக்னு வருது. ஏதோ அரதப்பழசு கார்டோட பயாஸை (கார்டுக்குள்ளயே பதிஞ்சிருக்குற சாஃப்ட்வேர்) மாத்தி 1050 டிஐன்னு பேர் வச்சிருக்காங்க. உடனே அவன் கேட்ட கேள்வி, "அண்ணே, கன்ஸ்யூமர் கோர்ட்ல போட்டுடலாமா?"

போடலாமா முடியாதான்றது கார்டை பொறுத்தது இல்ல, வித்த ஆளை பொறுத்தது. பழைய பொருள்னாலே சட்டம் கெடையாதுன்னு நெறைய பேர் நெனக்கிறாங்க, அது தப்பு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, அப்புறம் 2020 ஜூலைல வந்த ஈ-காமர்ஸ் விதிகள், ரெண்டுலயும் புதுசு மட்டும்தான்னு எங்கயும் இல்ல. பழசையோ ரிப்பேர் பண்ணதையோ புதுசுன்னு சொல்லி விக்கிறதையே முறையற்ற வணிகம்னு சட்டத்துல தனியா எழுதி வச்சிருக்காங்க. பில் தராம இருக்குறதும் அதே லிஸ்ட்லதான் வருது.

பெரிய ஷாப்பிங் தளத்துல ரீஃபர்பிஷ்டு, அதாவது பழசை சரி பண்ணதுன்னு போட்டு விக்கிற கடைக்காரர்கிட்ட வாங்கினா உங்க கை ஓங்கி இருக்கும். பொருள் பழுதா வந்தாலோ, போலியா இருந்தாலோ, விளம்பரத்துல சொன்ன மாதிரி இல்லன்னாலோ திருப்பி வாங்க மாட்டேன், பணம் தர மாட்டேன்னு அவர் சொல்லக் கூடாது, "நோ ரிட்டர்ன்"னு கொட்டை எழுத்துல போட்டிருந்தாலும் சரி. அந்தத் தளத்துக்கு குறைதீர் அதிகாரின்னு ஒருத்தர் கண்டிப்பா இருக்கணும், புகார் வந்தா 48 மணி நேரத்துக்குள்ள வந்துச்சுன்னு ஒத்துக்கணும், ஒரு மாசத்துக்குள்ள தீத்து வைக்கணும். சாட்ல வர்ற ரோபோகிட்ட மல்லுக்கட்டாம நேரா அந்த அதிகாரி ஈமெயிலுக்கு எழுதுங்க, தளத்துலயே போட்டிருப்பாங்க.

சிக்கல் தனி ஆள்கிட்ட வாங்கும்போதுதான். வீட்ல சும்மா கெடக்குற ஒரு கார்டை ஒருத்தர் விக்கிறாருன்னா ஈ-காமர்ஸ் விதிகள் அவருக்குப் பொருந்தாது, சொந்த அளவுல, தொழிலா இல்லாம விக்கிறவங்கள விதியிலயே வெளிய விட்டுட்டாங்க. ஆனா அதுல ஒரு வார்த்தை இருக்கு பாருங்க, வழக்கமா, முறையா தொழில் மாதிரி பண்ணா அந்த விலக்கு கெடையாது. அதனால விக்கிறவரோட ப்ரொஃபைலுக்குள்ள போங்க, அங்க இன்னும் 12 கார்டு வரிசையா கெடக்குதுன்னா அவர் வீட்டுக்காரர் இல்ல, வியாபாரி, அதை அப்பவே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க, அப்புறம் டெலிட் பண்ணிட்டா போச்சு.

நெஜமாவே தனி ஆள்தான்னா 1930ல வந்த சரக்கு விற்பனைச் சட்டம் இருக்கு, சொன்ன விவரத்துக்கு ஏத்த பொருளைத்தான் தரணும்ங்கிறது தனி ஆளுக்கும் பொருந்தும். அதனால போன்ல பேசி முடிச்சுடாதீங்க, வாட்ஸ்அப்ல எழுத்துல வாங்குங்க. "ஆர்எக்ஸ் 580 8 ஜிபி, 2304 கோர் உள்ளது, மைனிங்ல ஓடல, ரிப்பேர் பாக்கல, சரியா?"ன்னு கேட்டு அவர் ஆமான்னு சொல்லட்டும். கோர்னா கார்டுக்குள்ள கணக்கு போடுற சின்னச் சின்ன பகுதி. இந்த 2304 ஏன் சொல்றேன்னா, 580ன்னே பேர் வச்சு 2048 கோர்ல ஒண்ணு சுத்துது, அது உள்ளுக்குள்ள கிட்டத்தட்ட அதுக்குக் கீழ் மாடலான 570தான். மைனிங்னா கிரிப்டோ காயின் சம்பாதிக்க கார்டை ராப்பகலா ஓட விடுறது, 2022 செப்டம்பர்ல எத்திரியம்ங்கிற காயினுக்கு அந்த மைனிங் நின்னப்ப ஓடித் தேஞ்ச கார்டெல்லாம் மார்க்கெட்டுக்கு வந்துச்சு, மைனிங்ல ஓடினாலே கெட்டதுன்னு இல்ல, ஆனா மறைச்சு விக்கிறது வேற கதை. என்ன இருந்தாலும் 3,800 ரூபாய்க்கு சிவில் கேஸ் போட்டு அலையறது வேலைக்கு ஆகாது, அந்த எழுத்து பேச்சுவார்த்தையில அவரை மடக்கத்தான் உதவும்.

கார்டே வரல, ஆள் நம்பர் ஸ்விட்ச் ஆஃப்னா அது நுகர்வோர் விஷயமே இல்ல, மோசடி. உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு போன் போடுங்க, (சட்டத்தோட வருஷமும் அதே 1930, கொழப்பிக்காதீங்க), எவ்வளவு சீக்கிரம் கூப்புடுறீங்களோ பணம் அந்த அக்கவுண்ட்லயே முடங்குறதுக்கு அவ்வளவு வாய்ப்பு. "மிலிட்டரில இருக்கேன், டிரான்ஸ்ஃபர் ஆயிட்டேன், அட்வான்ஸ் போடுங்க"ன்னு ஐடி கார்டு போட்டோ அனுப்புறவங்கள நம்பவே நம்பாதீங்க. அப்புறம் ரீஃபண்ட் தர்றேன், க்யூஆர் ஸ்கேன் பண்ணி பின் போடுங்கன்னு சொன்னா பணம் போகும், வராது. பணம் வாங்குறதுக்கு யூபிஐ பின் தேவையே இல்ல.

கடைக்காரர் ஏமாத்தினா முதல்ல 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயே பேசலாம். இவங்க தீர்ப்பு சொல்ல முடியாது, கம்பெனிகிட்ட பேசி முடிச்சு வைப்பாங்க, அவ்வளவுதான். அதுல நடக்கலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை டெல்லில இருந்தாலும் நீங்க குடியிருக்கிற ஊர்லயே போடலாம், வக்கீல் கட்டாயம் இல்ல, பொருளோட விலை 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணமும் இல்ல, ஈ-ஜாக்ரிதிங்கிற அரசாங்கத்தோட நுகர்வோர் வழக்குத் தளத்துல வீட்ல இருந்தே தாக்கல் பண்ணலாம். பிரச்சனை வந்து 2 வருஷத்துக்குள்ள போடணும். 3 மாசத்துல முடிக்கணும், பொருளை லேப்ல சோதிக்கணும்னா 5 மாசம்னு சட்டம் சொல்லுது, நெஜத்துல இழுக்கும், அதையும் மனசுல வச்சுக்கோங்க. வாங்கி விக்கிறதுக்காக வாங்கினா நீங்க நுகர்வோரே கெடையாது, ஆனா கல்யாண வீடியோ எடிட் பண்ணி அதுலயே பொழைக்கிறவர் தன் வேலைக்கு வாங்கினா அவர் நுகர்வோர்தான்.

இதுக்கெல்லாம் ஆதாரம் பில், சாட், பார்சல் பிரிக்கிறதுல இருந்து ஜிபியு-இசட் திரை வரைக்கும் கட் பண்ணாம எடுத்த ஒரே வீடியோ, கார்டோட சீரியல் நம்பர் அதுல தெரியணும். சித்தி பையன்கிட்ட இதுல ஒண்ணுமே இல்ல. நல்லவேளை அந்த ஆளோட ப்ரொஃபைல்ல இன்னும் ஒம்போது கார்டு இருந்துச்சு, அந்த ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்பி 1915ல புகார் போடப் போறேன்னு சொன்னதும் 3,000 திரும்ப வந்துச்சு, மிச்சம் 800 கூரியர் செலவாம்.