கூட்டலில் வராத மார்க்

"படிப்புல நாட்டமே இல்ல மேடம். எப்பப் பாத்தாலும் போன். ஒண்ணுக்கும் ஆவ மாட்டான் போல."

தாராவியில் 90 அடி சாலையை ஒட்டிய ஒரு பள்ளியில் வாரம் இரண்டு நாள் மனநல ஆலோசகராக உட்காருகிறேன். இந்த வரியைக் கேட்காத வாரம் குறைவு. அன்று இதைச் சொன்ன அம்மாவின் மகன் ஒன்பதாவது படிக்கிறான். பக்கத்திலேயே உட்கார்ந்து பெஞ்சின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். (ஆள் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

வழக்கம்போல எஸ்.டி.கியூ. படிவத்தைக் கொடுத்தேன், பிள்ளைகளின் பலத்தையும் மனச் சிக்கல்களையும் பார்ப்பதற்கானது. ராபர்ட் குட்மேன் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் 1997-இல் வெளியிட்ட கேள்வித்தாள் அது. 25 வரிகள், ஐந்து பிரிவுகள். பதற்றமும் சோர்வும், நடத்தை, துறுதுறுப்பு, கூட்டாளிகளோடு சிக்கல் ஆகிய நான்கையும் கூட்டினால் 40-க்கு ஒரு எண் வரும். ஐந்தாவது பிரிவு அடுத்தவர்மேல் உள்ள அக்கறை: பகிர்ந்துகொள்வது, அடிபட்டவருக்கு உதவுவது, சின்னப் பிள்ளைகளிடம் அன்பாக இருப்பது. அதற்குத் தனியாகப் பத்து மார்க், மொத்தத்தில் சேராது. அக்கறை குறைவது வேறு, மனச் சிக்கல் இருப்பது வேறு என்பதால் அப்படி வைத்தார்கள், நியாயம்தான். ஆனால் நாங்கள் மொத்தத்தைப் பார்த்துவிட்டுத் தாளை மூடிவிடுகிறோம். நானும் பல வருஷம் அப்படித்தான் செய்தேன்.

இவனுக்கு ஐந்தாவதில் 9.

"கடைசியா யாருக்குத் தம்பி உதவி செஞ்ச?"

"யாருக்கும் இல்ல மேடம்."

அம்மாதான் குறுக்கே வந்தார், அதையும் ஒரு குறையாக. "அந்த ஆச்சிய மாசாமாசம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு அலையுதான். அதுக்கு மட்டும் நேரம் இருக்கு."

ஆச்சி அதே சந்தில் மூன்றாவது வீடு. திருநெல்வேலிப் பக்கம், சர்க்கரை வியாதி. இத்தனை காலம் மும்பையில் இருந்தும் இந்தியும் மராத்தியும் காதில் விழும், வாயில் வராது. சயான் ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று கேஸ் பேப்பர் எடுப்பது முதல் டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்வது வரை எல்லாம் இவன்தான். தலைச்சுற்றல் எத்தனை மாசமாக இருக்கிறது என்று டாக்டர் கேட்டாராம். ஆச்சிக்கு மாசக்கணக்கு பிடிபடாது என்று இவனுக்குத் தெரியும். "பொங்கலுக்கு முந்தியா ஆச்சி, பிந்தியா?" என்று கேட்டிருக்கிறான். "காணும்பொங்கல் அன்னைக்குத்தாம்ல கீழ விழப் பாத்தேன்" என்று பதில் வந்தது. டாக்டரிடம் ஜனவரியிலிருந்து என்று இந்தியில் சொல்லிவிட்டான்.

எதிரே இருப்பவர் எந்தக் கணக்கில் யோசிப்பார் என்று பார்த்து, கேள்வியை அதற்கேற்ப மாற்றிப் போடுவது படித்துப் பட்டம் வாங்கிய எங்களுக்கே தடுமாறும் இடம். அதை ஒரு திறமை என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை.

ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் குழுவினர் நாற்பது வயது வரை கவனித்து வந்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, குடி என்று பல பாரங்களோடு வளர்ந்த பிள்ளைகளில் சுமார் மூன்றில் ஒருவர் நன்றாகவே தேறிவந்தார். அவர்களிடம் கண்ட பலவற்றில் ஒன்று, வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ அவர்கள் கையை நம்பி ஒரு வேலை இருந்தது. வருஷத்துக்கு ஒருநாள் துடைப்பத்தோடு போட்டோ எடுக்கும் பள்ளிச் சேவையில் எனக்கு நம்பிக்கை குறைந்தது இதனால்தான். அங்கே ஒரு பிள்ளை லீவு போட்டாலும் குப்பை எப்படியும் அள்ளப்படும்.

சரி, இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பத்தாவது படித்த ஒரு பெண், அம்மாவுக்கு வந்திருப்பது என்ன கட்டி என்று டாக்டர் சொன்னதைத் தானே அம்மாவிடம் சொல்ல வேண்டியதாயிற்று. "பாதிதான் மேடம் சொன்னேன்." மீதிப் பாதியோடு எத்தனையோ ராத்திரி தூங்காமல் கிடந்தாள். வீட்டில் அவளுக்குப் 'பொறுப்பான பொண்ணு' என்று பேர். பெரிய நோய், கடன், போலீஸ் விஷயங்களில் பிள்ளையை நடுவில் நிறுத்தாதீர்கள். பெரியவர் யாராவது கூடப் போக வேண்டும். முடியாது என்று சொல்லப் பிள்ளைக்கு இடம் இருக்கிறதா, செய்தபின் யாராவது ஒரு நல்ல வார்த்தை சொன்னார்களா என்று இரண்டைத்தான் முதலில் விசாரிப்பேன். தூக்கமும் சாப்பாடும் கெட்டால் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம்.

"அப்போ ஆச்சியோட போறத நிறுத்தச் சொல்லட்டா மேடம்?" என்றார் அம்மா.

வேண்டாம், லீவு நாளாகப் பார்த்துப் போகட்டும் என்றேன். அதுவரை வாய் திறக்காதவன் நிமிர்ந்தான். "அந்த டாக்டர் வியாழக்கிழமதான் வருவாரு மேடம். ஆச்சி வெறும் வயித்துல போணும். நேரமாச்சுன்னா மயக்கம் வரும்."

வகுப்பு டீச்சரைக் கூப்பிட்டுப் பேசினோம். மாதம் ஒரு வியாழன் மட்டும் அவன் பள்ளிக்கு மத்தியானம் வந்தால் போதும். விட்டுப்போன கணக்கை அன்று மாலையே போட்டுக் காட்ட வேண்டும். போன பரீட்சையில் கணக்கில் 31 வாங்கியிருந்தான், அதை நாங்கள் யாரும் மறக்கவில்லை.

கிளம்பும்போது கதவருகே அம்மா அவனிடம் மெதுவாகக் கேட்டார்: "பிஸ்கட்டாவது எடுத்துட்டுப் போறியால, ஆச்சிக்கு?"