சாரத்தில் காத்திருக்கும் கற்கள்

"பழையதைவிட இரண்டு மடங்கு வேகமான கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் பொருத்தினேன். நொடிக்கு 80 படங்கள் ஓடிய விளையாட்டு இப்போது 86 படங்கள்தான் ஓடுகிறது. கார்டில் பழுதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. அந்த 86 என்ற எண்ணே காரணத்தைச் சொல்லிவிடுகிறது.

திரையில் ஓடும் விளையாட்டு, அடுத்தடுத்து வரும் அசையாப் படங்கள்தான். நொடிக்கு 60 படங்கள் வேண்டுமானால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடி, 144 வேண்டுமானால் 7 மில்லிநொடிகூட முழுதாகக் கிடைக்காது. அதற்குள் எதிரி எந்தப் பக்கம் ஓடுகிறான், உருண்ட பீப்பாய் எங்கே போய் நிற்கும், இந்தக் கோணத்தில் கண்ணுக்குத் தெரியும் பொருள்கள் எவை என்பதையெல்லாம் பிராசஸர் கணக்கிட்டு, வரைய வேண்டியவற்றைக் கட்டளைகளாக அடுக்கிக் கொடுக்கிறது. கார்டு அதை வாங்கி ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் கண்டு வரைகிறது.

இரண்டு வேலைக்கும் ஆகும் நேரத்தைக் கூட்டினால் ஒரு படத்துக்கான நேரம் வரும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பத்தாவது படத்தைக் கார்டு வரைந்துகொண்டிருக்கும்போதே பிராசஸர் பதினோராவது படத்துக்கான கணக்கில் இறங்கிவிடுகிறது. சுவர் கட்டும் இடத்தை நினைத்துப் பாருங்கள். பிராசஸரைப் போலச் சித்தாள் கல் எடுத்துக் கொடுக்கிறார், கார்டைப் போலக் கொத்தனார் வைத்துப் பூசுகிறார். இருவர் கையும் ஒரே நேரத்தில் ஓடுகிறது. சுவர் எழும் வேகம், இருவரில் யார் மெதுவோ அவருடைய வேகம்.

வாசகரின் கணினிக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். நொடிக்கு 80 என்றால் ஒரு படத்துக்கு 12.5 மில்லிநொடி. அது பழைய கார்டின் வேகம் என்றால், புதிய கார்டுக்கு அதில் பாதி, 6.25 போதும், 160 படங்கள் வந்திருக்க வேண்டும். வந்ததோ 86. அதாவது படத்துக்கு 11.6 மில்லிநொடி. அது பிராசஸரின் நேரம். முன்பும் அது அவ்வளவுதான் எடுத்துக்கொண்டது. பழைய கார்டு அதைவிடச் சற்று மெதுவாக இருந்ததால் வெளியே தெரியவில்லை. இப்போது கொத்தனார் ஒவ்வொரு கல்லுக்கும் பாதிக்குச் சற்றுக் குறைவான நேரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

இதற்கு நேரெதிரான நிலை இன்னும் அழகானது. சித்தாள் வேகம், கொத்தனார் மெது என்றால் கற்கள் சாரத்தில் குவியும். முடிவில்லாமல் குவிய விடமாட்டார்கள்; விண்டோஸில் விளையாட்டுக்கும் கார்டுக்கும் நடுவே நிற்கும் டைரக்ட்எக்ஸ் என்ற மென்பொருள் இயல்பாக 3 படங்கள் வரை வரிசையில் நிற்க அனுமதிக்கிறது. அது நிறைந்ததும் பிராசஸர் நின்று காத்திருக்கும். இப்போது நீங்கள் சுடும் பொத்தானை அழுத்துகிறீர்கள். அந்த அழுத்தம் புதிதாகக் கணக்கிடப்படும் படத்தில்தான் சேரும். சாரத்தில் ஏற்கெனவே இருக்கும் கற்கள் நீங்கள் அழுத்துவதற்கு முன்பே எடுத்துவைக்கப்பட்டவை. அவை சுவரில் ஏறி முடிந்த பிறகே உங்கள் கல்லின் முறை வரும். படத்துக்கு 20 மில்லிநொடி எடுக்கும் கார்டில் மூன்று படங்கள் காத்திருந்தால் 60 மில்லிநொடி அங்கேயே போய்விடும். நொடிக்கு இத்தனை படம் என்ற எண் நன்றாக இருந்தும் கை கனத்தது போலத் தோன்றுவது இதனால்தான். கார்டின் எல்லைக்குச் சற்றுக் கீழே படங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தால் வரிசை கரைந்துவிடும். கார்டு நிறுவனமான என்விடியா 2020இல் கொண்டுவந்த ரிஃப்ளெக்ஸ் என்ற வசதி, பிராசஸரைச் சரியான தருணம் வரை நிறுத்திவைத்து இதையே செய்கிறது.

யார் மெது என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். விளையாட்டின் அமைப்புகளில் திரையின் புள்ளிகளை (ரெசல்யூஷன்) கூட்டிக் குறைத்துப் பாருங்கள். 1920×1080இல் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள், 3840×2160இல் அதைப் போல நான்கு மடங்கு. கார்டின் சுமை ஏறும். எதிரியின் ஓட்டத்தைக் கணக்கிடும் பிராசஸருக்கோ ஏறக்குறைய எந்த மாற்றமும் இல்லை. புள்ளிகளைக் குறைத்தும் வேகம் கூடவில்லையென்றால் தடை பிராசஸரில் இருக்கிறது. கூடினால் கார்டில்.

'பிராசஸர் 30 சதவீதம்தான் வேலை செய்கிறது, அதனால் அதில் குறையில்லை' என்ற முடிவுக்கு மட்டும் வந்துவிடாதீர்கள். ஒரே நேரத்தில் 16 வேலைத் தொடர்களை (த்ரெட்) ஓட்டக்கூடிய பிராசஸரில் ஒரு த்ரெட் மூச்சுமுட்ட ஓடினாலும் மொத்தக் கணக்கில் அது 6.25 சதவீதம்தான். பல விளையாட்டுகளில் முதன்மையான வேலை ஒரே த்ரெட்டில் நடக்கிறது. மற்றவை அதற்காகக் காத்திருக்கின்றன.

பிராசஸர், கார்டு இரண்டின் பெயர்களைக் கொடுத்தால் 'இந்த ஜோடியில் 17 சதவீதத் தடை' என்று சொல்லும் கணிப்பான்கள் மீது எனக்கு உண்மையான கோபம் உண்டு. எந்த விளையாட்டு, எந்த அமைப்புகள் என்று தெரியாமல் சொல்லும் எண்ணுக்கும் ஜோதிடத்துக்கும் என்ன வேறுபாடு? ஒரே கணினியில் நகரம் நிறைந்த விளையாட்டு பிராசஸரைத் திணறடிக்கும், அடுத்த விளையாட்டு கார்டை வாட்டும்.

பிராசஸரையே மாற்றுவதென்றால் கடிகார வேகத்தைச் சொல்லும் கிகாஹெர்ட்ஸை மட்டும் பார்க்காதீர்கள். 2022இல் வந்த ஏஎம்டி ரைசன் 7 5800எக்ஸ்3டி, தன் உடன்பிறப்பான 5800எக்ஸைவிடக் குறைந்த கடிகார வேகம் கொண்டது. ஆனாலும் பல விளையாட்டுகளில் முந்தியது. காரணம், 32 எம்பிக்குப் பதிலாக 96 எம்பி எல்3 கேச், அதாவது பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு நினைவகம். தேவையான தகவல் பக்கத்திலேயே கிடைத்தால், தொலைவில் உள்ள நினைவகத்துக்குப் போய்த் திரும்பும் நூற்றுக்கணக்கான கடிகாரச் சுற்றுகள் மிச்சம்.

ஆனால் கேள்வி கேட்ட வாசகர் உடனே பிராசஸர் வாங்க வேண்டியதில்லை. அவர் விளையாடுவது 1920×1080இல் என்றால், 2560×1440க்கு மாற்றிப் பார்க்கட்டும். அந்த அளவுத் திரை இல்லாவிட்டாலும், உள்ளே பெரிதாக வரைந்து சுருக்கிக் காட்டும் வசதி கார்டின் அமைப்புகளில் இருக்கும். புள்ளிகள் 1.78 மடங்கு ஆகும். கார்டின் நேரமும் அதே விகிதத்தில் ஏறினால்கூட 6.25 மில்லிநொடி சுமார் 11.1 ஆகும். பிராசஸரின் 11.6க்குள் அது அடங்கிவிடுகிறது. அதே 86 படங்கள், ஒவ்வொன்றும் முன்பைவிடக் கூர்மையாக.