கட்டுவிரியன் விரியன் குடும்பம் இல்லை

பாம்புகளை அடையாளம் காண்பது என் தொழில் என்பதால் படங்கள் வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருக்கும். பெரும்பாலும் அடித்துப் போட்ட பாம்பு, தலை நசுங்கியிருக்கும். “கட்டுவிரியன்தானே சார்? கடிபட்டவருக்கு வீக்கமே இல்லை, அப்போ விஷம் ஏறலைதானே?” இந்தக் கடைசிக் கேள்விதான் என்னைப் பதற வைக்கிறது.

விரியன் கடித்தால் கடிவாய் வீங்கும், வலி உயிர் போகும், ரத்தம் கசியும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். கண்ணாடி விரியனுக்கும் சுருட்டை விரியனுக்கும் அது சரி. அவை வைப்பரிடே குடும்பம். கட்டுவிரியனோ நல்ல பாம்போடு எலாப்பிடே குடும்பத்தில் இருக்கிறது. விரியன்களின் நச்சுப்பல் நீளமானது, வாயை மூடினால் மடங்கிக்கொள்ளும். கட்டுவிரியனுக்குக் குட்டையான, மடங்காத பல். பல் பட்ட தடம்கூடப் பல சமயம் கண்ணுக்குத் தெரியாது. அதன் விஷம் நரம்பு தசையோடு சேரும் இடத்தைத் தாக்குகிறது. இரவில் தரையில் பாய் விரித்துப் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலியோடு எழுவார். அப்புறம் இமையைத் தூக்க முடியாது, எச்சில் விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு நிற்கும். ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிடச் சோதனையில் ரத்தம் ஒழுங்காக உறைந்துவிடும். அதை வைத்து ஆபத்து இல்லை என்று வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

அறிவியலும் இவற்றை ஒரு காலத்தில் சேர்த்துத்தான் வைத்திருந்தது. 1801இல் ஜெர்மானியரான ஷ்னைடர், கட்டுவிரியனையும் சுருட்டை விரியனையும் சூடோபோவா என்ற ஒரே பேரினத்தில் போட்டார். 1803இல் டௌடின் பங்காரஸ் பேரினத்தையும், 1820இல் மெர்ரெம் எக்கிஸ் பேரினத்தையும் உருவாக்கினார்கள். இன்று கட்டுவிரியன் பங்காரஸ் செருலியஸ், சுருட்டை விரியன் எக்கிஸ் கேரினேட்டஸ். ஷ்னைடர் தந்த இரண்டாம் பெயர் மட்டும் இரண்டிலும் நிற்கிறது. அவர் பெயரையும் 1801ஐயும் அடைப்புக்குறிக்குள் எழுதுவோம். சிற்றினம் முதலில் வைத்த பேரினத்திலிருந்து இடம் மாறியிருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். லின்னேயஸ் 1758இல் விலங்குகளுக்கு முறையாகக் கொண்டுவந்த இரட்டைப் பெயர் முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: உறவு பற்றிய அறிவு திருந்தினால் பெயரும் திருந்தும், பழைய தடமும் அழியாது.

படத்தில் நான் முதலில் பார்ப்பது பட்டைகளை அல்ல, முதுகின் நடுவரிசைச் செதில்களை. கட்டுவிரியனுக்கு அவை பக்கத்துச் செதில்களைவிடப் பெரிதாக, அறுகோணமாக இருக்கும். பட்டைகளால் கட்டுவிரியன் போலவே தெரியும், விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையன் பாம்புக்கு அப்படி இருக்காது. பட்டைகளும் அதற்குக் கழுத்துப் பக்கம் தெளிவாக இருந்து வால் பக்கம் மங்கும், கட்டுவிரியனுக்கு நேர்மாறு.

மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் இன்னொரு குழப்பம். மூக்கு நுனி மேலே தூக்கியிருக்கும் ஹிப்னேல் குழிவிரியனைச் சுருட்டை விரியன் என்று நினைத்துவிடுகிறார்கள். நம் நாட்டு விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்திலிருந்து தயாராகிறது. ஹிப்னேல் கடிக்கு அது பயன்படாது.

இதற்காகப் பாம்பைத் தேடிப் பிடித்துக்கொண்டு போக வேண்டாம். மருத்துவர் அறிகுறிகளை வைத்தே சிகிச்சை தொடங்குவார். தூரத்திலிருந்து படம் எடுக்க முடிந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். தரையில் படுத்திருந்தவர் வயிற்றுவலியோடு எழுந்து “கண் திறக்க முடியலை” என்றால், பாம்பை யாரும் பார்க்காவிட்டாலும், கடிவாயே தெரியாவிட்டாலும் 108ஐக் கூப்பிட்டு, செயற்கை சுவாசக் கருவி இருக்கும் மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோங்கள்.