பழைய சைக்கிள் ஃப்ரேமுக்குப் புது வண்ணம்: செலவும் ஆபத்தும் எங்கே இருக்கின்றன

பரணிலோ மாட்டுத்தொழுவத்திலோ பல ஆண்டுகளாகக் கிடந்த தாத்தா காலத்துச் சைக்கிளை இறக்கி, தூசி தட்டி, "இதுக்குப் புதுசுமாதிரி பெயின்ட் அடிக்க எவ்வளவு ஆகும்?" என்று கேட்டுக்கொண்டு எங்கள் பட்டறைக்கு வருபவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., ராலே, அட்லஸ் என்று பெயர் எதுவாக இருந்தாலும் கேள்வி புது வண்ணத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. நாங்கள் திருப்பிக் கேட்பதோ பழைய வண்ணத்தைப் பற்றி. கூலியில் பெரும்பகுதி பழையதை உரித்து எடுப்பதற்கே போகிறது. வீட்டாருக்கும் தொழிலாளிக்கும் உடல்நலக் கேடு வருவதும் பெரும்பாலும் அந்த வேலையில்தான். இந்த இரண்டையும் தெரிந்துகொண்டவர் குறைந்த செலவில் நல்ல வேலையை வாங்கிவிட முடியும் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில், வண்ணம் அடிக்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள். 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், 1951-இல் சோனிப்பட்டில் தொடங்கிய அட்லஸ், 1956-இல் லூதியானாவில் தொடங்கிய ஹீரோ போன்ற ஆலைகளில் இருந்து வந்த கறுப்புச் சைக்கிள்களின் எனாமல் பூச்சு, சூளையில் சுட்டு இறுக்கப்பட்டது. சாதாரணப் பட்டறையில் அடிக்கும் பெயின்ட் அந்த உறுதிக்கு எளிதில் ஈடாகாது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் பழைய எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, சோப்புத் தண்ணீரால் கழுவிக் காயவைத்து, கார்களுக்குப் போடும் மெழுகு பாலிஷைத் தேய்த்துப் பார்த்தால், செத்துப்போனது என்று நினைத்த கறுப்பு பளிச்சென்று எழுந்து வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தங்க நிறக் கோடுகள் பாதியாவது மிஞ்சியிருந்தால் அந்தச் சைக்கிளுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டாம் என்றே சொல்லி அனுப்புவேன். அதனால் எனக்கு வருமானம் போகிறது என்பது வேறு விஷயம். முன்பக்கத்துப் பித்தளைச் சின்னத்துக்கு வீட்டுப் புளியே போதும். ஆனால் அதில் வண்ணம் நிரப்பியிருந்தால் அழுத்தித் தேய்க்கக் கூடாது.

பூச்சு உரிந்து, துரு ஏறி, அடித்தே ஆக வேண்டும் என்ற நிலையில் இருந்தால், காசு கொடுப்பதற்கு முன் ஃப்ரேமில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹேண்டில்பாருக்குக் கீழே ஹெட் ட்யூபும் சாய்வுக் குழாயும் சேரும் மூட்டு, பெடல் அச்சு செல்லும் பி.பி. (பாட்டம் பிராக்கெட்) கூடு, பின்சக்கரம் மாட்டும் முனைகள், முன் ஃபோர்க்கின் தலைப்பகுதி ஆகிய இடங்களில்தான் பெரும்பாலும் விரிசல் விடும். சந்தேகமான இடத்தை உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்து, மண்ணெண்ணெயைத் தடவிச் சிறிது நேரம் விட்டு, மேற்பரப்பை நன்றாகத் துடைத்துவிட்டு, கரும்பலகைச் சாக்பீஸைப் பொடித்துக் குழைத்து மெல்லிதாகப் பூசிக் காயவிடுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய மண்ணெண்ணெய் கசிந்து வெளியேறி, வெள்ளைப் பரப்பின்மேல் தலைமுடி அளவுக்கு ஒரு கறுத்த கோட்டை இழுத்துக் காட்டிவிடும். அந்தக் கோடு ஃபோர்க்கில் தெரிந்தால் வேறு ஃபோர்க் வாங்குவதே முறை. ஃப்ரேம் மூட்டில் தெரிந்தால், பித்தளை வைத்துப் பற்றவைக்கத் தெரிந்தவரிடம் காட்டிய பிறகே மேற்கொண்டு யோசிக்க வேண்டும். பட்டி வைத்து மறைத்துத் தருகிறேன் என்று சொல்பவரிடம் ஃப்ரேமை விட்டுவிட்டு வராதீர்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தாமிரபரணியும் கரைபுரண்ட அந்த வெள்ளத்தில் மூழ்கிய சைக்கிள்களுக்கு இன்னொரு சோதனையும் தேவை. சீட்டுக் கம்பியைக் கழற்றிவிட்டு ஃப்ரேமைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினால் சேறு உதிரும். சேற்றோடு தகடு தகடாகத் துருவும் கொட்டினால் குழாய் உள்ளிருந்தே மெலிந்துவிட்டது என்று பொருள். திருச்செந்தூர், உவரிப் பக்கத்து உப்புக்காற்றில் நின்ற சைக்கிள்களிலும் இதே நிலையைப் பார்க்கலாம். வெளியே எவ்வளவு அழகாக அடித்தாலும் அந்தக் குழாய் தாங்காது.

பிரித்தெடுக்கும் வேலையை, அதாவது நம் ஊர்ச் சைக்கிள் கடைகளில் 'ஓவராயில்' என்று சொல்லும் வேலையை, நீங்களே செய்தாலோ பழகிய கடையில் செய்துகொண்டாலோ பெயின்ட் பட்டறைக் கூலி கணிசமாகக் குறையும். பெடல் கையான கிராங்கை அச்சோடு பிடித்துவைக்கும் காட்டர் பின்னை நேராகச் சுத்தியலால் அடித்தால் அதன் மரை நசுங்கிவிடும். நட்டைச் சற்றுத் தளர்த்தி அப்படியே விட்டு, மேலே மரக்கட்டை வைத்துத் தட்ட வேண்டும். இங்கிலாந்து முறையில் அமைந்த ஃப்ரேம்களில் சங்கிலிப் பக்கத்துப் பி.பி. கப் இடது மரை என்பதால் வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திருப்பினால்தான் கழலும். இதை அறியாமல் ஸ்பேனரில் குழாய் மாட்டி முறுக்கி, கூட்டையே கெடுத்துக் கொண்டுவந்தவர்கள் உண்டு. தேய்ந்துபோன பழைய கப்புகளைத் தூக்கி எறிய வேண்டாம். கிரீஸ் போகக் கழுவி, பெயின்ட் அடித்து முடியும்வரை அவற்றையே கூட்டில் திருகி வைத்துவிட்டால், உள்மரையில் பூச்சு ஏறாது. மட்கார்டு, கேரியர் மாட்டும் துளைகளுக்கும் பழைய போல்ட்டுகளே போதும். ஃப்ரேமில் குத்தியிருக்கும் எண்ணை உரிப்பதற்கு முன்பே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தடித்த பூச்சு அந்தக் குழிகளை நிரப்பிவிடும்.

இனி ஆபத்தான பகுதி. பழைய எண்ணெய் வண்ணங்களிலும், சிவப்பு ஈயம் கலந்த பழைய பிரைமர்களிலும், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களிலும் ஈயச் சேர்மங்கள் தாராளமாகப் பயன்படுத்தப்பட்டன. இன்று கடையில் விற்கும் ரெட் ஆக்சைடு என்பது இரும்பு ஆக்சைடு, அது வேறு. வண்ணப்பூச்சில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற இந்திய விதி 2016-இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவும் வீட்டு உபயோக, அலங்கார வண்ணங்களுக்கு மட்டுமே பொருந்தும். தொழிற்சாலை வண்ணங்கள் அதற்குள் வரவில்லை. ஆகவே உங்கள் தாத்தாவின் ஃப்ரேமில் ஈயம் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே வேலையைத் தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்பதும், வயிற்றுக்குள் போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் நான்கைந்து மடங்கு கூடுதலாக உறிஞ்சுகிறது என்பதும் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவருபவை.

இதற்காகப் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. காய்ந்த நிலையில் தேய்க்காமல் இருந்தாலே பாதி ஆபத்து நீங்கும். உலர் உப்புத்தாளும், கிரைண்டரில் மாட்டும் கம்பிப் பிரஷும் பழைய வண்ணத்தைக் கண்ணுக்குத் தெரியாத தூளாக்கிக் காற்றில் ஏற்றிவிடும். தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் வாட்டர் பேப்பரை வாங்கி, கீழே பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, சொரசொரப்பான 120-ஆம் எண் தாளில் தொடங்கி 220, 400 என்று நைசான தாளுக்குப் போனால் தூள் சேறாகி விரிப்பிலேயே தங்கும். அந்தச் சேற்றைக் கிணற்றடியிலோ காய்கறிப் பாத்தியிலோ ஊற்றாமல் காயவைத்து உறையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். உடுத்திய துணியைத் தனியாகத் துவையுங்கள். கை கழுவாமல் காபி டம்ளரைத் தொடாதீர்கள். காஸ் வெல்டிங் தீயால் பெயின்ட்டைச் சுட்டு உரிப்பது நம் பக்கத்துப் பட்டறைகளில் சர்வசாதாரணம். வேகமாகத்தான் முடியும், ஆனால் அந்தப் புகையில் ஈயமும் உண்டு. துத்தநாகப் பூச்சுள்ள பாகத்தில் அந்தத் தீ பட்டால் அன்று இரவே குளிர்காய்ச்சல் போல உடம்பை முறித்துப்போடும்.

அடுத்தது ஆசிட். கழிப்பறை கழுவ விற்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் மலிவு என்பதால் துருவின்மேல் அதை ஊற்றுகிறார்கள். துரு போவது உண்மை, ஆனால் மூட்டு இடுக்குகளில் தங்கும் குளோரைடு, புதுப் பூச்சுக்கு அடியில் மறுபடியும் துருவைக் கிளப்பிவிடும். ப்ளீச்சிங் பவுடர் கிடக்கும் தரையில் அந்த ஆசிட் சிந்தினால் எழும் குளோரின் வாயு உயிருக்கே ஆபத்து. சீட்டு ஸ்பிரிங்கை ஆசிட்டில் முக்கவே கூடாது. கடினமான எஃகு ஹைட்ரஜனை உறிஞ்சி நொறுங்கும் தன்மை பெற்று, நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது முறியும். துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கியே பொருத்தமானது. பெயின்ட் ரிமூவர்களில் சில டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானைக் கொண்டவை. மூடிய அறையில் அதைச் சுவாசித்தால் உடலுக்குள் அது கார்பன் மோனாக்சைடாக மாறுவதால், திறந்த வெளியைத் தவிர வேறெங்கும் அந்த டப்பாவைத் திறக்காதீர்கள். மணலை வீசி உரிக்கும் சாண்ட் பிளாஸ்டிங்கில் ஆற்றுமணல் பயன்படுத்தும் இடத்துக்கு ஃப்ரேமைக் கொடுப்பதை நான் ஏற்பதில்லை. அந்தத் தூள் தொழிலாளியின் நுரையீரலை நாராக்கிவிடும். இங்கிலாந்தில் 1949-ஆம் ஆண்டு விதிகளிலேயே இதைத் தடுத்துவிட்டார்கள்.

உரித்துக் காய்ந்த ஃப்ரேம் கையில் இருந்தால் மலிவான நல்ல வழி, வண்ணத் தூளைத் தூவி அடுப்பில் சுட்டு ஒட்டவைக்கும் பவுடர் கோட்டிங்தான். கேட், கிரில், நாற்காலி அடிக்கும் பட்டறைகளில் ஒவ்வொரு நிறத்தையும் மொத்தமாக ஓட்டுவார்கள். நிறம் மாற்றும்போது அறையையும் தூள் தூவும் துப்பாக்கியையும் சுத்தம் செய்வதுதான் அவர்களுக்குச் செலவு. ஆகையால் "எனக்கு இந்த நிறம் வேண்டும்" என்று பிடிவாதம் பிடிக்காமல், கறுப்பு ஓடும் நாளைக் கேட்டு அன்று ஃப்ரேமைக் கொண்டுபோனால் கூலி இறங்கும். பழைய சைக்கிளுக்குக் கறுப்புதானே பொருத்தமும். கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, ஏழு தொட்டி முறையில் கழுவுகிறீர்களா என்பது. பிசுக்கு நீக்கி, துரு நீக்கி, பாஸ்பேட் படிவம் ஏற்றி, இடையிடையே நீரில் அலசும் அந்த முறையைத் தவிர்த்துத் துணியால் துடைத்துவிட்டு அடித்தால் பூச்சு ஓடு ஓடாகப் பெயரும். தொட்டியில் முக்கிய ஃப்ரேமின் குழாய்களுக்குள் அமிலம் தேங்காமல் அலசி வடித்தார்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அடுப்பின் வெப்பம் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரைதான். பித்தளைப் பற்று உருக 900 டிகிரிக்குப் பக்கம் வேண்டும் என்பதால் எஃகு ஃப்ரேமின் மூட்டு இளகிவிடும் என்ற பயம் வேண்டாம். ஆனால் பழைய பட்டி ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த வெப்பத்தில் பொங்கிக் கொப்பளிக்கும், குழாய்க்குள் கிரீஸ் இருந்தால் உருகி வழிந்து பூச்சைக் கெடுக்கும்.

ஸ்பிரே அடிப்பதானால் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் சீக்கிரம் காயும், பழுது பார்ப்பதும் எளிது. பெட்ரோல் பட்டால் பூச்சு கெடும் என்பது அதன் குறை. ஹார்டனர் கலக்கும் இரட்டைக் கலவை வண்ணம் உறுதியானதுதான், ஆனால் அந்த ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கிளப்பக்கூடியது. மூக்கில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு அதை அடிப்பது தற்காப்பே ஆகாது, வீட்டில் யாரும் அதைச் செய்ய வேண்டாம். நம் ஊரில் பருவமும் பார்க்க வேண்டும். செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் ஆடிக் காற்றில் தூசி முழுவதும் ஈரப்பூச்சில் வந்து அப்பும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் என்.சி. பெயின்ட் வெள்ளை பூத்துப்போகும். சித்திரை வெயிலில் துப்பாக்கியை விட்டு வெளியே வருவதற்குள் காய்ந்து சொரசொரப்பாகும். தை, மாசிக் காலை நேரமே இதற்கு வசதி. இவ்வளவும் வேண்டாம் என்பவருக்கு, ரெட் ஆக்சைடு பிரைமரின்மேல் சிந்தெடிக் எனாமலை நல்ல பிரஷால் இரண்டு கை மெல்லிதாக அடித்தால் போதும். நான் பார்த்தவரை, அவசர ஸ்பிரேயைவிடப் பொறுமையான பிரஷ் வேலை நீடிக்கிறது.

ஹேண்டில்பாரையும் ரிம்மையும் மறுபடி 'நிக்கல்' போட ஆகும் செலவில் புதுப் பாகங்களே கிடைத்துவிடும், அதை விட்டுவிடலாம். பெயின்ட் காய்ந்தது போலத் தோன்றினாலும் எனாமல் அடித்த ஃப்ரேமை ஒரு வாரமாவது தொங்கவிட்டு, அதன் பிறகு பாகங்களைப் பூட்டுங்கள். இளம் பூச்சின்மேல் நட்டை இறுக்கினால் வாஷர் வட்டமாகத் தோலை உரித்துவிடும். மாட்டும் முன் சீட்டுக் குழாய் வழியே கொஞ்சம் எஞ்சின் ஆயிலை ஊற்றி, ஃப்ரேமை எல்லாப் பக்கமும் சாய்த்து உள்ளே பரவவிட்டு, மிஞ்சியதை வடித்துவிடுங்கள். பி.பி. கூட்டின் அடியில் சிறு துளை இருந்தால் பூச்சு அதை அடைத்திருக்கும். ஒரு கம்பியால் குத்தித் திறந்து வையுங்கள். அடுத்த மழையில் உள்ளே இறங்கும் தண்ணீர் வெளியேற அதுதான் வழி.