தக்காளிக்கும் பிரஷர் 122/79

மலைக்கிராம ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவராக இருக்கிறேன். போன மாதம் ஒரு பெரியவர் தலைசுற்றல் என்று வந்தார். பிரஷர் மாத்திரையை நிறுத்தி இரண்டு மாதமாம்.

“ஏன்யா நிறுத்துனீங்க?”

“அதான் போன்லயே பாத்துக்கிறேனே சார். எப்பவும் நார்மல்னுதான் வருது.”

கேமராவில் விரலை வைத்தால் பிரஷர் சொல்லும் செயலி. மகன் ஏற்றிக் கொடுத்தது. கையில் பட்டை கட்டிப் பார்த்தேன்: 178/106. எங்கள் நர்ஸம்மா மதியச் சமையலுக்கு வைத்திருந்த தக்காளி ஒன்றை எடுத்துக் கேமராமேல் வைத்தார். 122/79 என்றது செயலி.

விரலுக்குள் ரத்தம் ஏறி இறங்குவதை ஃபிளாஷ் வெளிச்சத்தில் பார்த்து நாடித்துடிப்பை போனால் எண்ண முடியும், அது நிஜம். பிரஷர் வேறு கதை. இந்த வகைச் செயலி ஒன்றை அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். பிரஷர் கூடுதலாக இருந்தவர்களில் நான்கில் மூன்று பேருக்கும் மேல் அது ‘கூடுதல் இல்லை’ என்று சொல்லியிருந்தது. ஊசி குத்தாமல் சர்க்கரை அளவு காட்டுவதாக விற்கும் வாட்ச், மோதிரங்களை நம்ப வேண்டாமென்று அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது.

போன் பிரஷரை அளக்காது, டாக்டரோடு பேச வைக்கும். 2020 ஏப்ரலில் மக்களுக்கு நேரடியாகத் திறந்துவிட்ட அரசின் இ-சஞ்சீவனியில் டாக்டரிடம் வீடியோவில் பேசலாம், காசில்லை, மருந்துச்சீட்டும் போனுக்கே வரும். ஆனால் எங்கள் ஊரில் பாதிப் பேருடைய நம்பர் கேரளாவில் வேலை செய்யும் மகனிடம் இருக்கிறது. ஓடிபி அங்கே போகும். அவர் எஸ்டேட்டிலிருந்து கூப்பிட்டுச் சொல்வதற்குள் அது காலாவதி. அதனால் துணை சுகாதார நிலையத்துக்கே போய்விடுங்கள். நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து, பிரஷரைக் கருவியில் பார்த்து, அங்கிருந்தே டாக்டரைத் திரையில் கூப்பிடுவார். பழைய மாத்திரை அட்டையையும் கொண்டுபோங்கள். “வெள்ளை மாத்திரை, சின்னது” என்றால் எனக்கு எதுவும் விளங்காது.

பாம்புக்கடி, நெஞ்சுவலி, பிரசவ வலிக்கு எந்தச் செயலியையும் திறக்காதீர்கள். 108-க்கு அடியுங்கள். சிக்னல் எந்தப் பாறையில் கிடைக்கும் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பெரியவர் மாத்திரையை மறுபடி ஆரம்பித்துவிட்டார். செயலியை மட்டும் அழிக்கவில்லை. “பேரன் ஆட்டுக்கு வச்சுப் பாக்குறான் சார்.”