ஸ்கிரீன்ரைட்டர் என்றால் வசனகர்த்தா அல்ல

'ஹாலிவுட் வசனகர்த்தாவாக இருந்து இயக்குநரான பிரெஸ்டன் ஸ்டர்ஜஸ்.' பழைய அமெரிக்கப் படங்களைப் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் இப்படி ஒரு வரியைப் படித்துப் படித்துச் சலித்துவிட்டது. ஸ்டர்ஜஸ் ஸ்கிரீன்ரைட்டர். தமிழில் திரைக்கதையாசிரியர்.

'ஸ்கிரீன்' முதலில் கணப்பின் வெக்கையை மறைக்கும் தட்டி. பிறகு படம் விழும் பரப்பு. நம் 'திரை'யும் மறைக்கும் சீலையாக இருந்து அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. படத்துக்காக எழுதியதைப் பேசாப்பட நாளில் 'சினாரியோ' என்றார்கள். 'ஸ்கிரீன்பிளே' பிறகு நிலைத்தது. வரலாறு இவ்வளவுதான்.

வசனகர்த்தா என்ற பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்ததே. வசனத்துக்காகவே மக்கள் கொட்டகைக்குப் போன 1950களின் தமிழ்ப்படங்களில் எழுதியவர் பெயர் நடிகர் பெயருக்குச் சமமாக நின்றது. கதை, திரைக்கதை, வசனம் என்று டைட்டிலில் தனித்தனியே போடுவது நம் முறை. ஹாலிவுட்டில் வசனம் திரைக்கதைக்குள் அடக்கம். 1940ஆம் ஆண்டுப் படங்களுக்கு எழுத்துக்கென மூன்று ஆஸ்கர்கள்: கதைக்கு ஒன்று, திரைக்கதைக்கு ஒன்று, அசல் திரைக்கதைக்கு ஒன்று. வசனத்துக்கென்று எதுவும் இல்லை. அசல் திரைக்கதைக்கான முதல் ஆஸ்கரை வாங்கியவரே ஸ்டர்ஜஸ்தான். அவரையா வசனகர்த்தா என்பது?

அவர் வசனம் அபாரமானது, மறுக்கவில்லை. ஆனால் 1933இல் வந்த 'தி பவர் அண்ட் தி குளோரி'யைப் பாருங்கள். இயக்கியவர் வில்லியம் கே. ஹோவர்ட், எழுதியவர் ஸ்டர்ஜஸ். ரயில்வே முதலாளி ஒருவரின் இறுதிச் சடங்கில் தொடங்கி, நண்பர் சொல்லச் சொல்ல, அவர் வாழ்க்கை முன்னும் பின்னுமாக விரிகிறது. எந்தக் காட்சிக்குப் பின் எது என்ற அந்த அடுக்கை எந்த வசனத்தில் தேடுவது? ஒரே கதையைப் பல எழுத்தாளர்கள் மாறி மாறித் திருத்திய ஸ்டூடியோ நாளில், முழுதாக முடித்த திரைக்கதையை விற்று வசூலில் பங்கும் கேட்டு வாங்கியவர் அவர். 'தி கிரேட் மெக்கின்ட்டி'யைத் தானே இயக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு பாரமவுண்ட் ஸ்டூடியோவுக்கு வெறும் 10 டாலருக்குக் கொடுத்தார். அந்தப் பேரத்தில் அவர் கொடுத்தது வெறும் வசனமல்ல, படம் முழுவதும்.

'திரை எழுத்தாளர்' என்று இன்னொன்று கிளம்பியிருக்கிறது. ஆங்கிலத்தை அப்படியே பிட்டு வைத்த சொல். பாட்டு எழுதுகிறவரும் விமர்சனம் எழுதுகிறவரும்கூடத் திரை எழுத்தாளர்தானே? 'கதை' வடசொல் என்று சொல்லித் திரைக்கதையையே கைவிடச் சொல்வோரையும் நான் ஏற்கவில்லை. 'வசனம்', 'கர்த்தா' இரண்டுமே வடசொற்கள். அவற்றை விட்டுவிட்டு இதை மட்டும் துரத்துவது என்ன நியாயம்? கேட்டவுடன் பொருள் விளங்குகிற சொல்லைத் தூய்மையின் பேரால் இழக்கக் கூடாது. திரைக்கதாசிரியர் என்று எழுதினாலும் சரி; புணர்ச்சிதான் வேறு, பொருள் ஒன்றே.

மொழிபெயர்ப்பாளர்கள் படத்தின் டைட்டிலையாவது ஒருமுறை பார்க்க வேண்டும். மெக்கின்ட்டியில் எழுதியவரும் இயக்கியவரும் ஸ்டர்ஜஸ் என்று ஒரே வரியில் வருகிறது. அதற்கு 'எழுத்து, இயக்கம்' என்று போட்டால் போதும்.