அம்புக்கு ஏது முதுகெலும்பு?

வில்லில் மான் வேட்டையாடும் அமெரிக்கக் காணொளிகளுக்குத் தமிழில் விளக்கம் எழுதுகிறவர்கள், 'ஸ்பைன்' வரும் இடமெல்லாம் 'அம்பின் முதுகெலும்பு' என்று போட்டுவிடுகிறார்கள். லத்தீனில் 'ஸ்பைனா' என்றால் முள். பிறகு முதுகெலும்புக்கும் ஆனது. வில்லாளிகளிடம் அது அம்புத்தண்டு எவ்வளவு வளைந்துகொடுக்கிறது என்பதற்குப் பெயர். கொல்லிமலை ஓரி ஒரே பகழியில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என வீழ்த்தியதைப் பாடும் புறநானூறு 152-இலும் அம்புக்கு எலும்பு கிடையாது.

இதைச் சிரித்துத் தள்ளிவிடலாம். வம்பு, இந்த ஸ்பைனை எண்ணாகக் குறிக்க எழுதும் 'விறைப்பெண்' (விறைப்பு எண்) என்ற சொல்லில்தான். கேட்க நல்ல தமிழ், பொருளோ தலைகீழ். 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள்மேல் கார்பன் தண்டைக் கிடத்தி, நடுவில் 880 கிராம் (1.94 பவுண்டு) எடையைத் தொங்கவிடுவார்கள். நடுப்பகுதி அரை அங்குலம் இறங்கினால் 500, 0.34 அங்குலம் இறங்கினால் 340. அளப்பது இறக்கத்தை. எண் கூடக்கூடத் தண்டு துவளும். 'விறைப்பெண் 500' என்று படிக்கிற புதியவர் அது 340-ஐவிட விறைப்பு என்று நம்பி, வலுத்த வில்லுக்கு வாங்குவார். நாணை விட்டதும் தண்டு தாங்காமல் உடைந்தால் கார்பன் சிராய் கையில் ஏறும்.

துணி காயப்போடும் கொடி இறங்கினால் கொங்கு வீடுகளில் 'தொஞ்சு போச்சு' என்பார்கள். தறிக்காரருக்கும் பாவு தொய்வது தெரியும். அந்தத் 'தொய்' இருக்கும்போது வேறெதற்கு? 'தொய்வெண் 500' என்றால் தொய்வு அதிகம், 340 என்றால் குறைவு. அவ்வளவுதான். 'தொய்வு' குறையைச் சொல்லும் சொல்லாயிற்றே என்பவர்கள், 'பணிகளில் தொய்வு' என்று தினமும் எழுதும் பத்திரிகைகளைக் கோபித்துக்கொள்ளட்டும்.

விறைப்புக்கும் இடம் உண்டு, தண்டை வேண்டிய நீளத்துக்கு வெட்டும்போது. தண்டில் அச்சிட்ட தொய்வெண் மாறாது. ஆனால் ஓர் அங்குலம் குறைத்தால் எய்கையில் அம்பு விறைக்கும், 100 கிரெயின் எடையுள்ள முனையைக் கழற்றி 125 மாட்டினால் துவளும். ஆகவே முனையை முடிவு செய்த பிறகே வெட்ட வேண்டும். நாணை முழுக்க இழுத்த நிலையில், அம்புதாங்கிக்கு முன்னே ஓர் அங்குலமாவது தண்டு நீண்டிருக்கட்டும். இல்லாவிட்டால் வேட்டை முனையின் அலகு விரலுக்கு வரும். நீளத்தை நாண் பொருந்தும் பள்ளத்தின் அடியிலிருந்து தண்டின் நுனிவரை அளக்க வேண்டும், முனையைச் சேர்க்கக் கூடாது. ஆக்ஸா பிளேடு நாரைப் பிரித்துவிடும், குழாய் வெட்டும் கருவி தண்டை நசுக்கும். வேகமாகச் சுழலும் உராய்வுச் சக்கரத்தில், தண்டை உருட்டிக்கொண்டே அறுக்க வேண்டும். முகக்கவசம் அவசியம். வெட்டுவாய் கோணலானால் முனையும் கோணலாக உட்காரும், அலகில் காற்றுப் பிடித்து அம்பு விலகும்.

நம் ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இலக்குப் பலகையில் எய்கிறவர்களுக்குத்தான் இந்தச் சொற்கள் வேண்டும். அவர்களிடம் போய் '125 தானிய முனை' என்கிறார்கள்! கிரெயின் என்பது எடை. 125 கிரெயின் 8.1 கிராம். விதையை வைத்து எடை போடுவது குன்றிமணி கண்ட நமக்குப் புதிதல்ல, ஆனால் பொற்கொல்லரிடம் போய் யாரும் பத்து விதைத் தோடு கேட்பதில்லை.